மணியடிக்க மறக்கும் மூளை

பெரியவன் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தும் இந்த உயர்ந்த மலைப் பள்ளியில் காற்றழுத்தம் குறைவு. மூளை, பள்ளியில் மணியடிப்பவர் மாதிரி. உடம்பில் கரியமிலவாயு சேர்ந்தால்தான் மூச்சுக்கு மணியடிக்கும். இங்கே வேகமாக மூச்சு வாங்கி அந்த வாயு வெளியேறிவிடுவதால், தூக்கத்தில் மூளை மணியடிக்க மறந்துவிடுகிறது. நேற்று ராத்திரி, அறையில் உடன் தங்கும் சமையல்காரர் என்னை உலுக்கி எழுப்பினார்.

"என்ன சார், மூச்சு விடுறதுக்கும் லீவு போட்டுட்டீங்களா?"

சிரித்துவிட்டேன். ஆனால் மாதக் கடைசியில் அவர் ஊருக்குப் போகிறார். மேலாளரிடம் விடுப்பு கேட்டால், "வயசானா அப்படித்தான் சார்" என்கிறார்.

கம்பளித் தொப்பி ஒன்று அனுப்பு. உனக்கு உடம்பு முடியவில்லை என்று, என்னை உடனே அனுப்பச் சொல்லி மேலாளருக்கு எழுது. பொய் சொல்லாதே என்று பிள்ளைகளை அதட்டியவன்தான் கேட்கிறேன். சீக்கிரம் எழுதம்மா. சமையல்காரர் போன பிறகு தூங்காமல் காத்திருப்பேன்.

பெரியவன் அப்பா