கப்பி சிரிக்காத சாயங்காலம்

அடி கல்லாறுக்காரி,

நேற்று எங்கள் கரமனைத் தெருமுனைப் பார்லரில் தலைக்குச் சாயம் போட உட்கார்ந்திருந்தேன். தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணின் விரல் என் காதுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. "சேச்சி, இதெந்தா ரெண்டு பக்கமும் குழி?" என்றாள். "கொம்பு முளைச்சிருந்துது மோளே, பிடுங்கிப் போட்டாச்சு" என்றேன். கண்ணாடியில் அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் நீ சொன்ன பதில்தானே அது! நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முழுசாக முடிந்துவிட்டது. இன்னும் உன் பதில்களை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

நம் இருவருக்கும் கழுத்தெலும்பு விலகியது ஒரே வாரத்தில். நான் கிள்ளிப்பாலத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். நீ உன் சாயாக்கடைக்குப் பின்னால் ஆற்றுப்படியில் வழுக்கினாய். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். காதுக்கு மேலே மண்டையெலும்பில் இரண்டு பக்கமும் முனை பதிகிற இரும்பு இடுக்கி, அதிலிருந்து ஒரு கயிறு, கட்டில் தலைமாட்டில் கப்பி, கயிற்று நுனியில் எடைக்கட்டி. விலகின எலும்பை இழுத்து நேராக்கி வைக்கிற ஏற்பாடு. தலையைத் திருப்பக் கூடாது. பார்ப்பதற்கு இருந்தது ஃபேன் ஒன்றுதான். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. பேரை யார் கேட்டா? ஊரை வைத்து நீ என்னைக் கரமனை என்றாய், நான் உன்னைக் கல்லாறு என்றேன்.

"ஏட்டி கரமனை, அந்த ஃபேன்ல தூசி தொங்குறதைப் பாத்தியா? வீட்டுல இப்படி இருந்தா எங்க மாமியா கொன்னே போடுவா." உன் திருநெல்வேலிப் பேச்சு அந்த வார்டில் தனியாகக் கேட்கும். சிரித்தால் கயிறு அசையும், கப்பி கீச்சென்னும். "தலை அனக்கல்லே, ஆட்டல்லே!" என்று சிஸ்டர் சத்தம் போடுவார். அதற்கும் சேர்த்துச் சிரிப்போம். கப்பிக்கு எண்ணெய் விட வந்த ஆளை, "அதுதான்யா எங்களுக்கு ரேடியோ" என்று நீ விரட்டிவிட்டாய்.

எனக்கு உள்ளுக்குள் இருந்த கவலை வலது கை. விரல்கள் மரத்துக் கிடந்தன. சாலைக் கடைத்தெருவில் துணிக்கடைக் கணக்கு எழுதுகிறவளுக்குக் கை போனால் என்ன மிச்சம்? ஆபரேஷன் செய்தால் உணர்வு திரும்ப வாய்ப்புண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்திருந்தார். கிளம்பும்போது அவருக்கு மனசு கேட்கவில்லை. மண்டையில் இவ்வளவு கனமா, பாவம் என்று, யாரும் பார்க்காத நேரத்தில் எடைக்கட்டியைத் தூக்கி ஒரு ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது தெரியாது. இழுப்பு விட்டது சுகமாகக்கூட இருந்தது. அவர் கொண்டுவந்த கல் மாதிரி இட்லியைப் பற்றி நீ ஏதோ சொன்னாய், நான் படுத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சட்டென்று நிறுத்தினாய்.

"ஏட்டி, நீ சிரிச்சே. உன் கப்பி சிரிக்கலையே?"

நீ போட்ட கூச்சலில் வார்டே கூடிவிட்டது. "ஆரா ஈ ஸ்டூல் வெச்சது!" என்று சிஸ்டர் பதறினார். டாக்டர் வந்து, ஒருவர் என் தலையைப் பிடித்துக்கொள்ள, எடையை மெதுவாக இறக்கித் தொங்கவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல வேளை, எலும்பு நகரவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரர் வந்து உன்னையும் என்னையும் மாறி மாறிக் கும்பிட்டார். "அண்ணாச்சி, இனி பாசத்தை ஸ்டூல் மேல வைக்காதீய" என்றாய்.

அதன்பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்குக் குப்புறப் போடுவார்களாம். முழித்திருக்கும்போதே இப்படி என்றால், மயங்கிக் கிடக்கும்போது யார் பார்ப்பார்கள்? முகம் நசுங்கினால்? கண் போனால்? சம்மதிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள், நீ சொல்லவில்லை. "பயம் நியாயந்தாம்ளா. முதல்ல நான்தானே போறேன். கேக்க வேண்டியதைக் கேட்டுருவோம்" என்றாய்.

மயக்க மருந்து டாக்டரம்மா வந்ததும் பிடித்துக்கொண்டாய். தலையைப் பிடிக்கிறது யாரு? கண்ணைப் பாக்குறது யாரு? எடைக்குக் காவல் யாரு? அந்தம்மா முதலில் சிரித்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மயங்கின பிறகு தலையும் உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி எல்லோரும் சேர்ந்துதான் புரட்டுவோம், இந்த இடுக்கியே தலையைத் தாங்குவதால் முகம் எதிலும் அமுங்காது, முனைகளின் இறுக்கத்தைப் புரட்டும் முன்பும் பின்பும் பார்ப்போம், கண்ணை இடையிடையே பார்ப்போம் என்றார். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் பேரைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அவரை விட்டாய். "கேட்டியாளா?" என்று ஃபேனைப் பார்த்துக் கத்தினாய்.

மறுநாள் உன்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் இடது பக்கம் சத்தமே இல்லை. அப்படி ஒரு நீளமான பகலை நான் கண்டதில்லை. கடைசியில் தொண்டை கட்டின குரல் ஒன்று வந்தது. "ஏட்டி கரமனை, மூக்கு இருந்த இடத்துலயேதான் இருக்கு." அப்பாடா! அழுதேன், சிரித்தேன், கப்பி இரண்டுக்கும் கீச்சிட்டது. அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டேன்.

எனக்கு விழிப்பு வந்தபோதும் முதலில் கேட்டது நீதான். "விரலை அசை பாப்போம்." என் கையை என்னாலும் பார்க்க முடியாது, உன்னாலும் முடியாது. சிஸ்டர்தான் குனிந்து விரல் அசைவதைப் பார்த்து, "அனங்குன்னுண்டு, நல்லா அனங்குன்னுண்டு!" என்றார். நீ விசிலடித்தாய். கழுத்தில் ஆபரேஷன் ஆன பொம்பளை அடிக்கிற விசிலா அது!

பிறகு ஒருநாள் கழுத்துக்குக் காலர் மாட்டி நடக்கவிட்டார்கள், உன் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "இவ்வளவு பெரிய சிரிப்புக்கு இத்துனூண்டு மூஞ்சியா?" என்றாய்.

அதற்கப்புறம் எத்தனை தடவை கல்லாற்றுக்கு வந்து உன் கையால் சாயா குடித்திருப்பேன்! உன் முகம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் உன்னை நினைத்தால் முகம் வருவதில்லை. இடது பக்கத்திலிருந்து குரல்தான் வருகிறது. எதற்காவது பயந்தால் மல்லாந்து படுத்து, அந்தப் பக்கம் காதைக் கொடுப்பேன். விரல் அசையுதா என்று கேட்பாய்.

அசையுதுடி. இவ்வளவையும் எழுதினது அந்தக் கைதான்.