முஸம்மிலுக்குக் கோடு இல்லை

பெப்ரவரி 6, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது பள்ளிவாசல் செயலாளர் முஸம்மில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "ஸக்கரியா நானா, உங்கட கஞ்சி புரோகிராம்ல பாதி சும்மா கெடக்கு. இந்த நோன்போட நிப்பாட்டுவோம்."
எந்த நோன்புக்கு எந்த வீடு கஞ்சி காய்ச்சுவது என்று இருபத்தேழு வருடமாக என் கணினிப் புரோகிராம்தான் சொல்கிறது. நானே படித்து எழுதியது. பாதியாம்! காட்டுகிறேன்.

பெப்ரவரி 10
நிரல் முழுவதையும், வரிவரியாக வாசிக்கும் என் பார்சரால் பிரித்து கிராப் டேட்டாபேஸில் ஏற்றினேன். ஒவ்வொரு பங்ஷனும், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டும், ஒரு வட்டம். ஒன்று இன்னொன்றைப் பயன்படுத்தினால் ஒரு கோடு. நூற்று நாற்பத்து மூன்று வட்டங்கள். குறை சொன்னவர் பெயரையே பங்ஷனுக்கு வைப்பது என் வழக்கம். கலேவெல ஊரில் கடை வைத்திருக்கும் ஹுஸ்னிக்கு, கடை திறந்திருக்கும் நாளை 'ஹுஸ்னி' தராது.

பெப்ரவரி 11
திரையைப் பார்த்த தங்கை ஆதிபா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். "ஹுஸ்னிக்கு ஏழு கோடு, கூடப் பொறந்தவளுக்கு ரெண்டா?"

பெப்ரவரி 14
அல்ஹம்துலில்லாஹ்! புரோகிராம் தொடங்கும் வட்டத்தை விட்டால், ஒரே ஒரு வட்டத்துக்குத்தான் எங்கிருந்தும் கோடு வரவில்லை. 'முஸம்மில்'! 2001இல் என்ன குறை சொன்னான்? நினைவில்லை. சும்மா கிடப்பது அவன்தான். அழித்தேன்.

பெப்ரவரி 16
பட்டியலை அச்சிட்டுப் பள்ளிப் பலகையில் ஒட்டினேன். வாசிக்கவில்லை. என் புரோகிராமை நான் ஏன் சந்தேகிக்க வேண்டும்?

பெப்ரவரி 17
பலகையில் பார்த்தேன்: முப்பது நோன்புக்கும் என் வீடு.
இப்போது நினைவு வருகிறது — "மொதப் பேருக்கே எல்லா நாளும் போகுது, நானா." அதுதான் அவன் சொன்ன குறை; அதைத் திருத்தத்தான் 'முஸம்மில்'. முதல் பெயர் என்னுடையது. அந்தப் பங்ஷனைக் கூப்பிடும் வரி நிரலில் இல்லை, தனிக் கோப்பில் இருக்கிறது. பார்சர் அதைத் திறக்கவேயில்லை. தாளைக் கிழிக்கவா? என் பிழை என்று சொல்லவா? மாட்டேன். கேட்டவர்களிடம் "நிய்யத்" என்றேன், நானே விரும்பி நேர்ந்துகொண்டதாக.
மனைவி றஹீமா சொன்னாள்: "நிய்யத் வெச்சவங்களே தேங்கா துருவுங்க."

பெப்ரவரி 19, முதல் நோன்பு
இருபது தேங்காய். கை எரிகிறது. லுஹர் தொழுகைக்குப் பிறகு முஸம்மில் தேங்காய் துருவியோடு வந்தான். "நாளைக்கு என்ட வூட்டு மொற. வழமையா அப்படித்தானே வரும்?" பிறகு, "புரோகிராம நிப்பாட்ட மாட்டோம், நானா. பள்ளில இப்படிச் சிரிச்சு எத்தன வருஷம்!"
பாதித் தேங்காயை அவன் பக்கம் தள்ளினேன்.

பெப்ரவரி 20
'முஸம்மில்' பழைய இடத்தில். கோட்டைக் கையால் போட்டேன். புதுத் தாளைப் பழைய தாளின் மேலேயே ஒட்டினேன், கிழிக்கவில்லை.
இன்னொரு வட்டமும் சேர்ந்தது: ஒரே வீடு இரண்டு தரம் வந்தால் அச்சிடாது. பெயர் 'ஸக்கரியா'. குறை சொன்னவர் பெயரை வைப்பதுதானே வழக்கம்.