திங்கட்கிழமை வரச் சொன்னேன், நிஸார்

என் உயிர் மச்சான் நிஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மௌத்தாகி அடக்கப்பட்டவர்களுக்குக் கப்றடியில் நின்று ஸலாம் சொல்வது நம் வழக்கம். உனக்குக் கப்று இல்லை. கடலைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கல்முனைக்குடிக் கடற்கரைக்குப் போனேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்தால் அதுவும் ஓர் ஒளிப்பு மச்சான். நான் ஒளித்தது போதும்.

நான் முதன்முதலாக எலக்சன் கேட்டபோது எனக்கு முன்னால் நடந்தவன் நீ. மீன்பிடிக்கப் போவதை விட்டுவிட்டு ஒரு மாதம் என்னோடு வீடு வீடாக ஏறினாய். ஒவ்வொரு படலையிலும் என் காதுக்குள் ஏதாவது சொல்வாய். "இஞ்ச றோட்டப் பத்திக் கதைக்காத. இந்த வீட்டு மகன் வெளிநாட்டுல புடிபட்டு மறியல்ல இரிக்கான். தாய் அழுதா, சும்மா கேட்டுட்டு இரு." நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். எனக்கு மேடையில் பேசத் தெரியும். ஒரு வீட்டுக்குள் போய் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது, நீ பக்கத்தில் இருந்ததால்தான் முடிந்தது.

துண்டுப் பிரசுரத்தில் என் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைப் போடச் சொன்னதும் நீதான். "ஆபீஸ் நம்பர் வேணாம் கலீல் மச்சான். உன்ட கைல இரிக்கிற நம்பரப் போடு. சனத்துக்கு வேற ஒண்டும் வேணாம், எடுத்தா நீ 'ஹலோ' எண்டு சொல்லணும், அவ்வளவுதான்." போட்டேன். வென்றேன், எம்பியானேன்.

ஆரம்பத்தில் எல்லா அழைப்பையும் எடுத்தேன். வரிப்பத்தான்சேனையில் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று விடியற்காலையில் ஒருவர் எடுப்பார். பிள்ளைக்குப் பாடசாலை கிடைக்கவில்லை என்று ஒரு தாய் அழுவார். ஜும்ஆத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யும்போதும் அது அடிக்கும், சோற்றில் கை வைத்தால் அடிக்கும். எட்டு மாதம் தாங்கினேன். அதற்குப் பிறகு லாபீர் சேரை இணைப்பாளராக வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற எழுதுவினைஞர், ஒழுங்கான மனிதர். பழைய இலக்கத்தை அணைத்துவிட்டுப் புதியதொன்று எடுத்தேன்.

புதிய இலக்கம் அமைச்சர்மாருக்குத் தெரியும். அதிகாரிகளுக்கும், கட்சிக்காரர்களுக்கும், கொந்தராத்துக்காரர்களுக்கும் தெரியும். உனக்குத் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தரவில்லை. ஏன் தரவில்லை என்று இப்போது எத்தனையோ தடவை என்னைக் கேட்டுவிட்டேன். நீ என்னிடம் ஒன்றும் கேட்காதவன் என்பதால்தானா?

ஜனங்களைச் சந்திக்கத் திங்கட்கிழமை என்று ஒரு நாள் வைத்தோம். என் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, இலக்கம் எழுதிய துண்டு கொடுத்து, ஒவ்வொருவராக உள்ளே அழைப்போம். எனக்கென்று பேஸ்புக் பக்கம் ஒன்றும் தொடங்கினோம். ஒரு படம் போட்டால் எங்கிருந்தெல்லாமோ விருப்பம் வந்து விழும். சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், முன்பைவிடச் சனத்தோடு நெருங்கிவிட்டேன் என்றுதான் நம்பினேன்.

நீ ஒருநாள் பாரை மீன் ஒன்று கொண்டு வந்தாயாம். உள்ளே கூட்டம் நடந்தது. கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றுவிட்டு, மீனைக் குசினியில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். நான் அதைச் சாப்பிட்ட பிறகுதான் யார் கொண்டு வந்தது என்று கேட்டேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில் கண்டபோது சிரித்துக்கொண்டே சொன்னாய், "உன்ன இப்ப பேஸ்புக்குலதான் காணுற மச்சான். படத்துல நல்லா வெள்ளையாகித்தாய்." நானும் சிரித்தேன். உண்மையிலேயே அது பகிடிதானா?

அந்த வியாழக்கிழமை நடந்ததை நான் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டு அறிந்தேன். நீயும் பாண்டிருப்புச் செல்வமும் விடியற்காலையில் படகு தள்ளியிருக்கிறீர்கள். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் எஞ்சின் நின்றுவிட்டது. கரையில் தென்னை மரங்கள் அப்போதும் தெரிந்தனவாம். போனில் கொஞ்சம் சிக்னல் கிடந்திருக்கிறது. நீ உன் பொஞ்சாதி ஸலீமாவுக்கு எடுத்தாய்.

"எஞ்சின் நிண்டுபோச்சி. நீரோட்டம் தெக்கால இழுக்கிது. கலீலுக்குச் சொல்லு, நேவிக்கு அறிவிக்கச் சொல்லு. பயப்புடாத, அவன் பாத்துக்குவான்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன் போன் வேலை செய்யவில்லை.

ஸலீமா முதலில் துண்டுப் பிரசுரத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தா. அது அணைந்து கிடந்தது. உன் மகள் ஹஸ்னாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தா. நான் அப்போது சம்மாந்துறைப் பக்கம் ஒரு விளையாட்டு மைதானம் திறந்துகொண்டு நின்றேன். ஆட்டோவில் வந்தால் அரை மணித்தியாலம்கூட இல்லை.

லாபீர் சேர் எனக்கு எடுத்தார். மேடையில் நின்றதால் அழைப்பை வெட்டினேன். அவர் செய்தி அனுப்பினார்: 'கடற்கரையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். படகு விடயம். அவசரம் என்கிறார்.' கடற்கரைச் சனத்துக்கு எல்லாமே அவசரம்தானே என்று நினைத்தேன். பக்கத்தில் மாலையோடு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒரு சொல் தட்டி அனுப்பினேன்: 'திங்கள்.'

லாபீர் சேரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்னதைச் செய்தார். ஸலீமாவுக்குத் திங்கட்கிழமைக்கென்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நம் கடற்கரைப் படகுகள் உன்னைத் தேடிப் போயின. காற்று எழும்பியதால் திரும்பி வந்தன. நாமே கடற்படைக்கு எடுத்துச் சொல்வோமா என்று மீனவர் சங்கத்தில் கதை வந்திருக்கிறது. "எம்பிர கூட்டாளிர விசயம். அவர் சொல்லாம இரிப்பாரா?" என்று யாரோ கேட்டதும் அந்தக் கதையை விட்டுவிட்டார்களாம். நான் இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு உன் கூட்டாளி ஒரு எம்பியாக இல்லாமல் இருந்திருந்தால் நீ தப்பியிருப்பாய்.

ஹஸ்னா வேறு வழியில்லாமல் என் பேஸ்புக் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். மைதானம் திறந்த படங்களுக்குக் கீழே: 'மாமா, வாப்பாட போட் கடல்ல நிக்கிது, உம்மா உங்களத் தேடி வந்த, தயவுசெஞ்சி நேவிக்குச் சொல்லுங்க.' அடுத்த நொடியே பதில் போயிருக்கிறது: 'தங்கள் கருத்துக்கு நன்றி. என்றும் உங்கள் சேவையில்.' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். யார் எழுதினாலும் தானாகப் போகும்படி நாங்கள் அமைத்து வைத்திருந்த பதில் அது.

நான் கொழும்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஞாயிறு பின்னேரம் திரும்பினேன். திங்கட்கிழமை காலை முற்றத்துக்கு வந்தபோது கதிரைகள் நிறைந்திருந்தன. மூன்றாவது வரிசையில் ஸலீமா. கையில் துண்டு. பதினான்காம் இலக்கம். நாலு நாளாக உன்னைக் காணாமல் இருந்தவ, முன்னால் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள் என்று பேசாமல் இருந்தா.

அவவின் முகத்தைப் பார்த்ததும் என்னவோ நடந்துவிட்டது என்று விளங்கியது. கிட்டப் போனேன். அவ எழும்பினா.

"அவர் இன்னம் வரல்ல காக்கா. போட் நிண்டுபோன எண்டு வியாழக்கிழமையே வந்து சொன்ன நான். நேவிக்குச் சொன்னீங்களா?"

அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா மச்சான்? ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். "ஓம் ஓம், அண்டைக்கே சொல்லித்தன். தேடிக்கொண்டுதான் இரிக்காங்க. நீங்க பயப்புடாதீங்க" என்றேன்.

அவ இரண்டு கையையும் முகத்தில் வைத்து, "அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் உங்களுக்கு றஹ்மத் செய்யட்டும்" என்றா. முற்றத்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் முதன்முதலாகக் கடற்படைக்கு எடுத்தேன். எடுத்தவர் விபரங்களை எழுதிக்கொண்டார். உடனே கப்பல் அனுப்பினார்கள். வானொலியிலும் படகுகளுக்கு அறிவித்தார்கள். அதைக் கேட்ட ஒரு பெரிய படகு அன்று பின்னேரமே செல்வத்தைக் கண்டெடுத்தது. ஒரு அழைப்பு, நிஸார். ஒரு மூன்று நிமிடக் கதை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செல்வத்தைப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்து, கண் மட்டும் பெரிதாகக் கிடந்தான். கேட்க எனக்குத் தைரியமில்லை. அவனாகத்தான் சொன்னான்.

"நிஸார் காக்கா ஒரே கததான் சேர். 'கலீலுக்கு இப்ப தெரிஞ்சிரிக்கும், கப்பல் வரும், கண்ண மூடாத' எண்டு. தண்ணியையும் எனக்குத்தான் கூடத் தந்த. ஞாயித்துக்கிழம விடியக்குள்ள பெரிய காத்து. போட் பொரண்டுட்டு. ரெண்டு பேரும் அதப் புடிச்சிட்டுத்தான் கிடந்தம். மறுகா பாத்தா, அவர்ர கையக் காணல்ல."

நீ மூன்று நாளும் என்னை நம்பிக்கொண்டு கிடந்தாய். கடைசியில் படகை விட்டுக் கை நழுவிய நேரத்தில் என்ன நினைத்தாய்? அவன் சொல்லவில்லை என்று நினைத்தாயா? அல்லது அப்போதும், கப்பல் வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பிந்திவிட்டது என்று நினைத்தாயா? இரண்டாவதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

உனக்காக, உடல் இல்லாமலே, காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. எம்பி என்று என்னை முதல் வரிசைக்கு அழைத்தார்கள். போய் நின்றேன்.

ஸலீமா உனக்காக இத்தாவில், வெளி ஆண்கள் முன் வராமல், இருக்கிறா. நான் போனபோது ஹஸ்னாதான் வாசலுக்கு வந்தாள். தன் போனைக் காட்டி, "மாமா, இத ஆரு எழுதின?" என்று கேட்டாள். அந்த நன்றியும் இதயமும்.

"ஆரும் எழுதல்ல மகள். அது தானா வாற" என்றேன்.

"அப்ப ஆரும் பாக்கவும் இல்லயா?"

அவளே சமாளித்துக்கொண்டு, "பரவால்ல மாமா. நீங்க அண்டைக்கே நேவிக்குச் சொல்லித்தீங்க எண்டு உம்மா சொன்னா. அவங்களுக்குத்தான் கண்டுபுடிக்க ஏலாமப் போயித்து. அல்லாஹ்ட நாட்டம்" என்றாள்.

விளங்குகிறதா மச்சான்? என் பொய்யை உன் பொஞ்சாதி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறா. கடற்கரையில் யாராவது என்னைப் பற்றி வாய் திறந்தால், "அவரு முன்னமே சொன்னவர்" என்று ஆள் அனுப்பி வாதாடுகிறாவாம். வந்து தேடிய கடற்படைக்காரர்களுக்கு ஏச்சு. எனக்கு துஆ.

இங்கே செய்தி என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது? திங்கட்கிழமைச் சந்திப்பை நிறுத்திவிட்டேன். தினமும் காலையில் கடற்கரைக்குப் போகிறேன். பழைய இலக்கத்தைத் திரும்பவும் இயக்கி வைத்திருக்கிறேன், ஆனால் அது அடிப்பதில்லை. அணைந்து கிடக்கும் என்று சனம் படித்துவிட்டது. கடற்கரையில் நான் போனதும் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் அடங்கிவிடுகிறார்கள். யாரோ ஓடிப் போய் ஒரு கதிரை கொண்டுவந்து போடுகிறார். நான் மணலில் இருந்தால் அவர்கள் நிற்கிறார்கள். "ஒண்டும் இல்ல சேர், எல்லாம் நல்லம்" என்கிறார்கள். நல்லமில்லை என்று எனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால் யாருக்கு என்ன என்று காதுக்குள் சொல்லியிருப்பாய்.

இதைச் சரிசெய்ய என்னால் முடியும் என்று நான் நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இதை எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவன் நீ, உன்னிடமிருந்து பதில் வரப்போவதில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். இந்தக் கடிதம் அச்சுக்குப் போகுமுன், நாளைக் காலை உன் வீட்டுக்குப் போவேன். லாபீர் சேர் இல்லாமல், வாகனம் இல்லாமல், நடந்து. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே இருக்கும் ஸலீமாவுக்கும் ஹஸ்னாவுக்கும் கேட்கும்படி, நான் வியாழக்கிழமை சொல்லவில்லை, திங்கட்கிழமைதான் சொன்னேன் என்று என் வாயால் சொல்வேன். அவ அழுதாலும், ஏசினாலும், கதவை அடைத்தாலும் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன். அவ போகச் சொல்லும்வரை அங்கேயே நின்று கேட்பேன்.

உன்னைக் கடலில் விட்டுவிட்ட உன் மச்சான்,
கலீல்