மேனேஜரின் இடது கண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்ற நம்பிக்கையில் இங்கே நான் நலம், உன் அப்பா நலம், உன் பூனை மேனேஜர் முக்கால் நலம். அந்தக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், மீதியைக் கேட்கமாட்டாய்.

அன்றைக்கு வீடியோவில் உன்னைக் கண்டதும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடியதே, “என்னை மறந்துடுச்சும்மா” என்று நீயும் போனை வைத்தாயே, உடனே அதைக் கண்டிப்பதற்காக உன் அப்பா போனார். கட்டிலுக்கடியில் இடது கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விளக்குக் கடை வைத்திருக்கும் அவருக்கு உலகத்துக் கஷ்டங்கள் எல்லாமே வெளிச்சக் குறைவால் வருபவை. “பாவம், இருட்டுல கண்ணு தெரியல போல” என்று அங்கே ஒரு பல்பு மாட்டினார். அது பீரோவுக்குப் பின்னால் போனது. அங்கேயும் ஒன்று மாட்டினார். கடைசியில் அது என் புடவை அடுக்குக்குள் தலையைப் புதைத்தபோது, அவர் கடையிலிருந்து இன்னும் பெரிய விளக்கு எடுத்துவரக் கிளம்பினார், நான் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்பினேன். யோசித்துவிட்டு அவரும் பின்னாலேயே வந்தார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்குள் வீக்கம், வெளிச்சம் பட்டாலே வலிக்கும், பார்வை தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது, இருட்டறையில் வைத்துச் சொட்டு மருந்து விடுங்கள் என்றார். “வீட்ல லைட் ஜாஸ்தியா? ஐயா என்ன பண்றீங்க?” என்று கேட்டார். “சும்மா, வியாபாரம்தாங்க” என்றார் உன் அப்பா.

அன்றிலிருந்து உன் அறையில் பல்பு கிடையாது, ஜன்னலில் போர்வை தொங்குகிறது. உன் அப்பா விட்ட முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. “மேனேஜர் சார், கொஞ்சம் கண்ணைத் திறங்க சார்” என்று கெஞ்சினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை. எதற்கும் அது பிடிகொடுக்காததால், நீ எப்போதோ அனுப்பிய குரல் பதிவைத் தேடி எடுத்து, திரை வெளிச்சம் படாமல் போனைத் துண்டால் மூடி அதை ஓடவிட்டார். பூனை நேராக வந்து துண்டின்மேல் தலைவைத்துப் படுத்தது. அப்புறம் ஒவ்வொரு வேளை மருந்தும் உன் குரலோடுதான். நேற்று மறுபடி காட்டினோம். வீக்கம் வடிந்துவிட்டது, பார்வை தேறிவிட்டது என்றார் டாக்டரம்மா. உன் அப்பா வாசல் படியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே உன்னை யாரும் மறக்கவில்லை, அதற்குக் கண் கூசியது திரை வெளிச்சத்தால்தான். எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. போனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இனி கொஞ்ச நாள் படமில்லாமல் கூப்பிடு, நீளமாகப் பேசு. மருந்து வேளை இல்லாதபோதும் அந்தப் பதிவு ஓடுகிறது. போய்ப் பார்த்தால் துண்டின் இந்தப் பக்கம் பூனை, அந்தப் பக்கம் உன் அப்பா.

அன்புடன்,
அம்மா