ஏழாம் இலக்கத்தின் வலது கண்

2016 மார்ச் 4
இன்று பதினொரு தாய் இறால்களுக்குக் கண் வெட்டினேன். சாமணத்தின் நுனியைச் சுட்டு வலது கண் காம்பை நசுக்கிவிட்டால், நாலைந்து நாளில் முட்டை போடும். முட்டையைத் தடுக்கிற ஏதோ ஒன்று கண் காம்புக்குள்தான் இருக்கிறதாம். இந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் ஒன்பது வருடமாக என் வேலை இது. வீட்டில் கேட்டால் தொட்டி கழுவுகிறேன் என்பேன். வெட்கம்தான், வேறென்ன.

மார்ச் 19
பல்கலைக்கழகத்திலிருந்து ஷிஹாரா மிஸ் மருந்துப் போத்தல்களோடு வந்தார். உயிரணுவுக்குள் மரபணு இழை நூற்பந்து மாதிரி இறுகிக் கிடக்குமாம். அதைத் தளர்த்த ஒரு புரதம் உண்டு. இந்த மருந்து அந்தப் புரதத்தை எழுப்பும். மூடிக் கிடக்கிற குணங்கள் திறக்கும். கண் இருந்தாலும் முட்டை வரும்.

"இது சரிவந்தா ஒங்களுக்கு வெட்டுற வேல இல்ல அக்கா."

அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போலிருந்தது. இன்றே தீனில் கலந்தோம், வெட்டியவற்றுக்கும் சேர்த்து.

ஏப்ரல் 6
ஏழாம் இலக்கமிட்ட தாய் இறால் ஓடு கழற்றியது. வெட்டிய இடத்தில் கண் — கறுப்பாக, முழுக் கண். அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 15
கண் முளைத்தவை முட்டையை நிறுத்திவிட்டன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. மேற்பார்வையாளர் அல்பேட் அண்ணனுக்கு இதிலே என்ன கவலை?

"கண் வந்தா என்ன றோசா, திரும்ப வெட்டு."

வெட்டினேன்.

ஏப்ரல் 28
முன்னைவிட அதிக முட்டை. பன்னிரண்டாம் நாள் மறுபடி கண். மறுபடி வெட்டினேன். இனிக் கண்டக்குழிப் படகுக்காரரிடம் புதுத் தாய் வாங்கத் தேவையில்லை என்று அல்பேட் அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

மே 11
மருந்தை நிறுத்திப் பத்து நாள். இன்னும் முளைக்கிறது. மிஸ்ஸிடம் போனில் கேட்டேன்.

"தொறந்தது மூடணுமே அக்கா... எனக்கும் வெளங்கல்ல."

மே 20
வழக்கமாகத் தொட்டிக்குள் கை போனால் மூலைக்குப் பாயும். இன்று ஒன்றும் பாயவில்லை. ஏழு தானாக என் கைக்கு வந்தது. வந்து, சரிந்து, வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஆறும் ஒன்பதும்.

இறாலுக்கு என்ன தெரியும்? ஐயோ, ஏன் ஓடேல்ல அது?

மே 21
என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டேன். தீன் போடுகிற பக்கம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேலையே வேண்டாம். அல்பேட் அண்ணன் யோசிக்கிறேன் என்றார்.

மே 24
வெட்டினேன். பிடிக்கவே தேவைப்படவில்லை.

ஜூன் 2
மாற்றிவிட்டார்கள். இனிச் சாமணம் தொடத் தேவையில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது மனம் கேட்காமல், பழகாத கை பட்டால் அதுகள் செத்துவிடுமே, யார் வெட்டப் போகிறார்கள் என்று கேட்டேன்.

அல்பேட் அண்ணன் சிரித்தார். "நீ நல்லாப் பழக்கி வச்சிருக்கிறாய். இனி ஆர் வெட்டினாலும் அதுகள் நிக்கும்."