மைதானக் கோட்டுக்கு வெளியே

எடிசன், நியூ ஜெர்ஸி
5 ஏப்ரல் 1987

அன்புள்ள லீலாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் யூனிஸும் சுகம். நீயும் சன்னிவேலில் சுகமாக இருப்பாய் என்றே நினைக்கிறேன். போன கடிதத்தில் நீ உன் ப்ராஜெக்டைப் பற்றி எழுதிய அளவுக்கு உன்னைப் பற்றி எழுதவில்லை. போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது. ஆகவே எழுதுகிறேன்.

யூனிஸ் பள்ளி லாக்ரோஸ் அணியில் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். உனக்கு அந்த விளையாட்டு தெரியாது. ஹாக்கிக்குப் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள். மட்டையின் நுனியில் சின்ன வலை; பந்தை அதில் ஏந்திக்கொண்டு ஓடி, கோலுக்குள் வீச வேண்டும். நம் பிள்ளை ஓடுவதை நீ பார்க்க வேண்டும். ஆனால் பந்துதான் அவளிடம் வருவதில்லை. கோச் மிஸஸ் ஹாலரனுக்குத் தன் பக்கத்து வீட்டுப் பெண் மட்டுமே கண்ணில் படுகிறாள். எனக்கு இது புதிதல்ல. பாளையங்கோட்டையில் கல்லூரி ஹாக்கி அணியில் என் இடம் வார்டனுடைய மருமகனுக்குப் போயிற்று. இங்கே லேபில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன் எனக்கே அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறான். என் பிள்ளைக்கும் அது நடக்க நான் விடமாட்டேன்.

அதனால் ஒரு மேட்ச் விடாமல் போகிறேன். மற்ற தகப்பன்மார் ரெஃபரியைப் பார்த்து இங்கிலீஷில் கத்துகிறார்கள். அநாகரிகம். நான் கோட்டோரம் நின்று தமிழில்தான் சொல்வேன். "ஏட்டி, எடது பக்கம் ஓடு." "அந்தச் செம்பட்டைக்குக் குடுக்காத, அவ திருப்பித் தரமாட்டா." யூனிஸைத் தவிர ஒருவருக்கும் புரியாது. அத்தனை பேர் நடுவிலும் நம் வீட்டு அடுக்களையில் பேசுவதுபோல் பேசலாம். இந்த நாட்டில் நமக்கென்று இருக்கிற ஒரே வசதி இதுதான்.

இனி அவள் உன்னோடு இருப்பதா என்னோடு இருப்பதா என்று ஜூனில் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தோம். இப்படி மேலே வருகிற நேரத்தில் அவளை இங்கிருந்து பிடுங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அன்புடன்,
ஜெபதாஸ்

சன்னிவேல், கலிஃபோர்னியா
14 ஏப்ரல் 1987

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. என்னைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். காலையில் வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் வருகிறேன், ஒருத்திக்காகச் சமைக்கப் பிடிக்காமல் தயிர்சாதம் சாப்பிடுகிறேன். குருத்தோலை ஞாயிற்றுக்கு எலிசா அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். தெருவெல்லாம் பனை மாதிரி மரம் நிற்கிறது, ஆனால் ஓலையைக் கடையில் வாங்கினார்கள். நீங்கள் இருந்தால் அதற்கு ஒரு பிரசங்கம் செய்திருப்பீர்கள்.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் யூனிஸிடம், "சாப்ட்டியாம்மா?" என்றேன். இங்கிலீஷில் பேசு என்று இங்கிலீஷில் சொன்னாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் பதில்தான் இங்கிலீஷில் வரும். நான் பேசுவதைக் கேட்டுக்கொள்வாள். இப்போது தமிழே தெரியாதவள் மாதிரி இருக்கிறாள். வீட்டில் ஏதாவது நடந்ததா?

வார்டனின் மருமகனைக் கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். அவரையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் உங்களோடு குடித்தனம் நடத்தினேன். யூனிஸுக்கு அவர் யாரென்றே தெரியாது. அவள் பாட்டுக்கு விளையாடட்டும், அத்தான்.

உங்கள் அன்பு மனைவி,
ஜெயலீலா

எடிசன்
10 மே 1987

அன்புள்ள லீலாவுக்கு,

நான் எழுதாவிட்டால் உனக்கு வேறு விதமாகச் செய்தி வரும். அதனால் முந்திக்கொள்கிறேன்.

நேற்று பக்கத்து ஊர்ப் பள்ளியோடு மேட்ச். பெண்கள் ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு மட்டும்தான் ஹெல்மெட். அவர்களுடைய கோல்கீப்பர் முகம் தெரியாமல் மூடிக்கொண்டு, பஞ்சு திணித்த அங்கியில் மெத்தை மாதிரி நின்றாள். "ஏட்டி, அந்தப் பூசணிக்கா குனியாது, கீழ அடி" என்றேன். யூனிஸ் கீழே அடித்தாள். பூசணிக்காய் அதற்கு முன்பே குனிந்திருந்தது. "வலது பக்கம் காலி" என்றேன். அது வலது பக்கம் போய் நின்றது. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பந்தையும் தடுத்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன். அவை இங்கே வேண்டாம்.

இடைவேளையில் அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நம் ஊர் முகம். அவளுடைய தாய் நேராக என்னிடம் வந்தாள். ஷ்யாமளாவாம், டாக்டராம், மயிலாப்பூராம்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். இந்த சீசன்ல என் பொண்ணு இவ்ளோ நன்னா கோல் காத்ததே இல்ல. செகண்ட் ஹாஃபுக்கும் இருப்பேள் இல்லையா?"

"உங்க பிள்ளைன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதவா பொண்ணுன்னா சொல்லலாமா சார்?"

அதுகூடப் பரவாயில்லை. யூனிஸ் அந்தப் பெண்ணிடம் போனாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். "ஸாரி. எங்கப்பா அப்படித்தான். நீ கண்டுக்காத" என்றாள். தமிழில், லீலா. உன்னைப் போலவே இழுத்து. அந்தப் பெண் சிரித்தாள், இவளும் சிரித்தாள். என்னிடம் இத்தனை நாளாக ஒரு தமிழ் வார்த்தை பேசாதவள்.

டாக்டரம்மாள் நான் சொன்னதையெல்லாம் கோச்சிடம் வரிக்கு வரி மொழிபெயர்த்திருக்கிறாள். சீசன் முடியும்வரை நான் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று மிஸஸ் ஹாலரன் சொல்லிவிட்டாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன் ரெஃபரியைக் குருடன் என்று கத்தியபோது இந்தச் சட்டம் எங்கே போயிற்று? இதையும் நான் மறக்கப் போவதில்லை.

ஜெபதாஸ்

சன்னிவேல்
19 மே 1987

அன்புள்ள அத்தானுக்கு,

யூனிஸ் போன் பண்ணினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தமிழ் ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன். தமிழ் மறந்துபோனால், மைதானத்தில் நீங்கள் சொல்வது வெறும் சத்தமாகக் கேட்கும் என்று நினைத்தாளாம். மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி. முயற்சி செய்து பார்த்திருக்கிறாள். மறக்க முடியவில்லையாம்.

ஜூனில் என்னிடம் வருகிறாயா என்றேன். அங்கே லாக்ரோஸ் உண்டா என்று கேட்டாள். தயங்கித்தான் சொன்னேன்: "இங்க பக்கத்துப் பள்ளிக்கூடம் எதுலயும் கெடையாதாம், மக்களே."

"அப்ப வாரேன்" என்றாள்.

அவளுக்கு அந்த விளையாட்டு எவ்வளவு உயிர் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் எனக்கு எழுதத் தோன்றவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜெயலீலா

எடிசன்
14 ஜூன் 1987

அன்புள்ள லீலாவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். பள்ளி மூடிய மறுநாள் புறப்படுகிறாள். விமானம் வந்து சேரும் நேரத்தைத் தனியாக எழுதுகிறேன்.

கடைசி மேட்சுக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வேலிக்கு வெளியே நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். ஏற்றியும் சத்தம் வந்தது. ஒருவன் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே இருந்தான். அவன் சொன்னது முழுவதும் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளை ஒருமுறைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. யூனிஸும் என் பக்கம் திரும்பியதில்லை. மும்முரமாக ஆடுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

திரும்பும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறினோம். பிறகு, "அப்பா, பசிக்கி" என்றாள். அவ்வளவுதான். நான் அதைக் கவனிக்காதவன் மாதிரி ரேடியோவைப் போட்டேன்.

மட்டையை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். அதனால் மிஸஸ் ஹாலரனைப் பார்க்கப் போனேன். என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். நான் அவளை மன்னிக்கவில்லை. ஆனால் சன்னிவேல் பக்கத்தில் விளையாட இடம் உண்டா என்று கேட்டேன். யார் யாருக்கோ போன் பண்ணி விசாரித்தாள். பாலோ ஆல்டோவில் ஞாயிறு சாயங்காலம் பெரிய பெண்கள் கூடி ஆடுகிறார்களாம். நன்றாக ஓடுகிற சின்னப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்களாம். போன் நம்பர் இதனுடன் இருக்கிறது. மட்டையை நானே பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துக் கட்டிவிட்டேன். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் பார்த்தாள், எடுக்கவில்லை.

நீ அவளைக் கூட்டிக்கொண்டு போ. போனால் தள்ளி நில். எந்த மொழியிலும் எதுவும் சொல்லாதே. கை தட்டுவதாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் தட்டு. யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். ஆட்டம் முடிந்து காருக்கு வரும்போது உன்னிடம் எந்த மொழியில் பேசிக்கொண்டு வந்தாள் என்று மட்டும் எழுது.

உன் அன்புள்ள,
ஜெபதாஸ்