செதில் வீட்டுக்குப் பிளாஸ்ரிக் சட்டை

1977 நவம்பர் 12, சனி

காலையில் லொறியில் வீட்டுக்குப் புதுச் சட்டை வந்து இறங்கியது. நீளமான மட்டைப் பெட்டிகள். உள்ளே வெள்ளை வினைல் பலகைகள். பலகை என்பது பெயர்தான், பொருள் பிளாஸ்ரிக். மரம் போலத் தெரிய வேண்டும் என்று மேலே மரத்தின் ரேகையை அச்சடித்திருக்கிறார்கள்.

மெல்பேணின் டண்டினொங்கில் எங்கள் வீட்டின் வெளிச்சுவர் உண்மையான மரம். மீன் செதில் மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று ஏற அடித்த சின்னச் சின்ன மரத்துண்டுகள். வெயிலில் கறுத்து, ஓரம் சுருண்டு கிடக்கின்றன, உண்மைதான். ஆனாலும் மரத்தை மூடி, அதன்மேல் மரம் போன்ற பிளாஸ்ரிக்கை அடிப்பதுதான் முன்னேற்றமாம். உதாரணம் சொன்னால், சொந்தப் பல்லின் மேலே கட்டுப்பல் மாட்டுவது.

மருமகனிலும் பிழை சொல்ல முடியாது. கார் பக்ரறியில் ஆட்குறைப்பு வந்தபோது கணேசலிங்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். கொழும்பில் கணக்காளராக இருந்தவர் இங்கே பக்ரறிக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணினார். பிறகு எண்ணப் பெட்டியும் இல்லை. இப்போது கிடைத்திருப்பது வீடு வீடாகப் போய் இந்த வினைலை விற்கும் வேலை. அதுவும் இன்னும் கிடைக்கவில்லை. கம்பனிக்காரன் கெவின் சொல்லிவிட்டான்: முதலில் உன் வீட்டுக்கு நீயே போட்டுக் காட்டு, டிசம்பர் பதினேழில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பார்ப்பேன், வடிவாக இருந்தால் டண்டினொங் முழுக்க உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள்.

ஆக, ஒரு மனிதரின் பிழைப்பு இப்போது எங்கள் முன்சுவரில் தொங்குகிறது.

நவம்பர் 13, ஞாயிறு

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எங்கள் ஊரில் பழைய ஆட்களின் வழக்கம், விமானத்தில் ஏறி இங்கும் வந்துவிட்டது. மகள் ரஞ்சினி வீட்டில் இருந்தால் பேச்சு அவள் வழியாகப் போகும். அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டால் பூனை வழியாக.

மத்தியானம் நான் பூனையைப் பார்த்து, "சோறு மேசையில கிடக்கு. ஆறப்போகுது."

அவரும் பூனையைப் பார்த்து, "கை கழுவிப்போட்டு வாறன்."

வீட்டோடு சேர்ந்து வந்த அவுஸ்திரேலியப் பூனை. ஒரு சொல் விளங்காது. இருந்தும் நான் இங்கு வந்த நாளிலிருந்து அது ஒரு செய்தியையும் தவறவிட்டதில்லை.

வகுப்பறையில் கத்தினால் அடுத்த கட்டடத்துப் பிள்ளைகளும் அடங்கிவிடுவார்கள் என்று பேர் எடுத்தவள் நான். பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க வந்த வித்தியாதரிசியோடு மேடையில் வைத்தே வாதாடியவள். சொந்த வீட்டில் உப்புப் போதுமா என்று கேட்க எனக்குப் பூனை வேண்டியிருக்கிறது.

நவம்பர் 19, சனி

செதில்களுக்கு மேலே மருமகன் நீட்டு நீட்டாக மரச்சட்டம் அடிக்கிறார். "சட்டை போட முந்தி விலாவெலும்பு வைக்கிறாரோ?" என்றேன் ரஞ்சினியிடம்.

"அம்மா, செதில் மேடும் பள்ளமுமாக் கிடக்கு. அதுக்கு மேல நேரா அடிச்சா பலகையும் அதே மாதிரி ஏறி இறங்கும். அவர் சரியாத்தான் செய்யிறார்."

சரியாகத்தான் செய்கிறார். நியாயம் நியாயம்தான். எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 20, ஞாயிறு

பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாள் இருந்தது. அதை மருமகன் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். கோப்பையை எடுக்கப்போன நேரம் வாசித்துவிட்டேன். வாசிக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வியாதி.

பலகையின் மேல் விளிம்பில் நீள்துளைகள் இருக்கின்றன. ஆணியைத் துளையின் நடுவில் அடிக்க வேண்டும். தலை முட்ட அடிக்கக் கூடாது, ஒரு சில்லறைக் காசின் தடிப்புக்கு இடம் விட வேண்டும். கையால் தள்ளினால் பலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைய வேண்டும். ஏனென்றால் வெயிலில் அது நீளும். உதாரணம், தண்டவாளம். ஏழாம் வகுப்புப் பாடம்.

மருமகனோ ஒவ்வொரு ஆணிக்கும் நாலு அடி கூடுதலாகப் போடுகிறார். எதுவும் அசையக் கூடாது என்ற பிடிவாதம்.

ஏணிக்குக் கீழே பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டேன்: "தண்டவாளத்தில ஏன் இடைவெளி விடுறது எண்டு ஆருக்கும் ஞாபகம் இருக்கோ?"

சுத்தியல் நின்றது. பிறகு ஏணியிலிருந்து பூனைக்குப் பதில் வந்தது.

"பூனையார், இது வீடு. ஸ்ரேஷன் இல்லை."

டொக், டொக், டொக். முன்பைவிட இறுக்கமாக.

நவம்பர் 21, திங்கள்

ரஞ்சினியிடம் தாளைக் காட்டினேன். சீருடையோடேயே குசினிக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அம்மா, நீங்கள் சொல்லுறது சரியா இருக்கும். ஆனா வேலை போனதில இருந்து ஆர் என்ன சொன்னாலும் தன்னைக் குறைச்சுச் சொல்லுற மாதிரித்தான் அவருக்குக் கேக்குது. இவர் வாய்விட்டுச் சிரிச்சு எத்தினை மாசம் எண்டு தெரியுமோ? இதையாவது தன்ர கையால முடிக்கட்டும். ஒண்டும் சொல்லாதேங்கோ, பிளீஸ்."

சரி, சொல்லவில்லை. பிள்ளை கணக்கைப் பிழையாகப் போடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் சொல்லித்தராத பாடம். தாளை மட்டும் மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 26, சனி

இன்றும் டொக் டொக். ஒவ்வொரு ஆணியும் என் தலையில்தான் இறங்குகிறது.

டிசம்பர் 4, ஞாயிறு

முன்சுவர் முடிந்தது. என் கண்ணுக்குப் பல் வைத்தியரின் அறை வெளிப்பக்கம் திரும்பி நிற்பது போல இருக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி மட்டும் "லவ்லி, லவ்லி" என்று வேலியில் தொங்கினாள். மருமகன் தெருவின் மற்றப் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்கலாமா என்று வாய் யோசித்தது.

ஆகவே வீடு வடிவுதான். நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? பதினேழாம் தேதி வரைக்கும் மழை பெய்தால் போதும். மெல்பேணின் மழையை எத்தனை தரம் திட்டியிருப்பேன். இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

டிசம்பர் 14, புதன்

மழை மன்னிக்கவில்லை. இங்கே டிசம்பர்தான் கோடை; இன்று வெயில் நாற்பது பாகை. எங்கள் முன்சுவர் மேற்குப் பார்த்தது.

மத்தியானத்துக்குப் பிறகு சுவர் பேசத் தொடங்கியது. டக். கொஞ்சம் பொறுத்து, டக், டக். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், கொதிக்கும் எண்ணெயில் போட்ட அப்பளம். ஒரு பலகை வயிறு தள்ளி நிற்கிறது, ஒன்று இடுப்பை வளைத்து நிற்கிறது. நீள இடமில்லாமல் அதுகள் பாவம் எங்கே போகும்?

மருமகன் வெயிலுக்குள் நின்றார், தொப்பியும் இல்லாமல். எனக்கு நான் சரி என்று தெரிந்த நேரம் இது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு எப்படி வரும்?

பதினேழுக்கு இடையில் இரண்டே நாள்.

டிசம்பர் 15, வியாழன்

காலையில் மருமகன் பின்படியில் இருந்தார். முன்சுவர் இரவில் குளிர்ந்து கொஞ்சம் உள்ளே போயிருந்தது, வெட்கப்பட்ட மாதிரி. பூனை நடுவில் படுத்திருந்தது. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் பூனையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பூனையார், அந்த ரெயில் கதையை இன்னொருக்காச் சொல்லச் சொல்லும்."

தலையணைக்கு அடியில் இருந்த தாளை எடுத்துவந்து பூனையின் பக்கத்தில் வைத்தேன். மேலே கோப்பையின் வட்டக் கறை அப்படியே இருந்தது. வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "எல்லாத்தையும் கழட்டித் திரும்ப அடிக்கவேணும்," என்றார் பூனையிடம். "மற்றப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

பூனை எழும்பிப் போய்விட்டது. ரஞ்சினி வேலையில். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்பக்கம் போனேன்.

மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒரு வார்த்தை இல்லை. அவர் தலையாட்டினால் தூக்குவேன், கண்ணைக் காட்டினால் இறக்குவேன். ஊமைக்கூத்து. வேலி ஓரத்தில் நின்ற வெள்ளைக்காரி எங்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பாள்.

பிறகு கீழிருந்து மாட்டத் தொடங்கினோம். இந்த முறை ஆணிக்குக் காசு அளவு இடம். ஏணி வைக்கும் உயரத்துக்கு வந்தபோது ஒரு காற்று வந்தது. பலகை பாய்மரம் போல எழும்பியது. அவருடைய கை நழுவியது. முழுப் பலகையும் என் தலைக்கு மேலே.

"டேய் கணேசலிங்கம்! பிடியடா!"

என்னுடைய குரல்தான். அடுத்த கட்டடத்துக்கும் கேட்கிற அந்தப் பழைய குரல்.

அவர் எட்டிப் பிடித்தார். ஐயோ, என்ன சொன்னேன்? மருமகனை? அதுவும் "அடா" போட்டு? தலைமுறை தலைமுறையாகக் கதவுக்குப் பின்னால் நின்ற மாமியார்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது.

ஏணியிலிருந்து மெதுவாக ஒரு குரல்:

"ஓம் ரீச்சர்."

அதன் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல், ஏணியை விட்டு இறங்கிப் புல்லில் குந்தியிருந்து சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். நானும் பலகையைக் கட்டிப்பிடித்தபடி நின்று சிரித்தேன். வேறு என்ன செய்ய?

டிசம்பர் 16, வெள்ளி

முடிந்தது. தோள் இரண்டும் கழன்றுவிட்டன. அவற்றையும் நடுத்துளையில் தளர்வாகத்தான் மாட்டியிருக்கிறார்கள் போல.

டிசம்பர் 17, சனி

கெவின் வினைல் வாங்க யோசிக்கும் இரண்டு குடும்பத்தோடு வந்தான். சுற்றிப் பார்த்தான். ஒரு பலகையில் உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினான். அது ஒரு நூல் அளவு நகர்ந்து திரும்பி வந்தது. நான் ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் இறுக்கி அடித்துத்தான் கெடுப்பார்கள், உனக்கு யார் சொல்லித்தந்தது என்று கெவின் ஆங்கிலத்தில் கேட்டான்.

மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "த கற்," என்றார். பூனையாம்.

கெவின் மரியாதைக்குச் சிரித்தான். கையைக் குலுக்கினான். டண்டினொங் முழுக்க எங்கள் வீட்டுக்குத்தான்.

எனக்கு இப்போதும் அந்தச் செதில்தான் வடிவு. அதை யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 18, ஞாயிறு

காலையில் மருமகன் குசினி வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார்.

"மாமி, தேத்தண்ணி இருக்கோ?"

"இருக்கு. சீனி எத்தினை கரண்டி?"

"ஒண்டரை."

இவ்வளவு நாளும் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்திருக்கிறேன். பூனை ஒரு நாளும் சொன்னதில்லை.

அது மேசைக்கு அடியில் ஒரு கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. இந்த வீட்டில் இப்போது வேலை இல்லாமல் இருப்பது அது ஒன்றுதான்.